தோளிலிருந்து பையை இறக்கி

பாய் இன்னும் சுவரில்தான் சாய்ந்து நிற்கிறது. பஸ்ஸில் கொண்டுவருவதற்காகச் சுற்றிக் கட்டிய நாரைக்கூட நான் அவிழ்க்கவில்லை. மத்தியானம் ஜன்னல் வெயில் அதன்மேல் விழும்போது காய்ந்த தாழை ஓலையின் வாசம் அறை முழுக்கப் பரவுகிறது. கதவில் மாட்டியிருக்கும் துணிப்பையிலிருந்து யங்கோனா வேரின் மண்வாசமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. வேரைக் கொடுத்தாகிவிட்டது. அதன் தூள் மட்டும் பையின் தையலில் தங்கிவிட்டது, உதறினாலும் போகவில்லை.

பினாங்குக்குப் போய்விட்டு வந்தேன். உன் வீட்டுக்கு. நீ போய்விட்டாய் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அது எப்படி நடந்தது என்பதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? "பினாங்கா? மலேசியாவுக்கா போனே?" என்று கரூரில் இருக்கிற என் தம்பி கேட்பான். இந்தத் தீவிலேயே ராக்கிராக்கிப் பக்கம், சர்க்கரை ஆலையும் கரும்பு ரயிலும் உள்ள இன்னொரு பினாங்கு உலகத்தில் இருப்பதை அவனுக்கு விளக்குவதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும்.

உன் மகளின் செய்தி போனில் வந்தபோது நான் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். மணியடித்ததும் ஆசிரியர் அறைக்குப் போனேன். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் இளவயதுக்காரர்கள். நீ உட்கார்ந்த ஜன்னலோர நாற்காலியில் இப்போது கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் பெண் உட்காருகிறாள். நல்ல பெண். "மேடம், டீ போடவா?" என்றாள். போட்டுக் கொடுத்தாள், குடித்தேன். உன் பெயரைச் சொல்லியிருந்தால் யார் என்று கேட்டிருப்பாள். யார் என்று தொடங்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

சாயங்காலம் தலைநகர் சூவாவில் இருக்கும் என் கணவருக்குப் போன் செய்தேன். அவர் வேலை மாற்றிக்கொண்டு அங்கே போய்விட்டார், மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். "அடடா" என்றார். பிறகு "சாப்பிட்டியா?" என்றார். ஆக்லாந்தில் படிக்கும் மகனுக்கு உன்னைக் கொஞ்சம்தான் நினைவிருக்கிறது, புளி மிட்டாய் வாங்கித் தந்த ஆன்ட்டி. சிட்னியில் உன் அடக்க ஆராதனையை என் கையகலப் போனில் பார்த்தேன். பாட்டு பாதியில் நின்று நின்று வந்தது. முடிந்ததும் திரை இருண்டது, அதில் என் முகம் தெரிந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இந்த ஊரில் என்னிடம் வந்து துக்கம் கேட்க ஒருவரும் இல்லை. அது எனக்குப் புரிய சில நாள் ஆயிற்று. நீயும் நானும் உறவில்லை, ஒரே ஊரில்லை, ஒரே மதம்கூட இல்லை. பா டவுனில் நம்மைச் சேர்த்துப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக விமானம் ஏறிவிட்டார்கள். இந்தத் தீவில் உன்னைத் தெரிந்த வீடு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதுவும் உன்னுடையது இல்லை.

நான் ரராவாய் சர்க்கரை ஆலைக் குடியிருப்புக்குப் புது மனைவியாக வந்து, பிறகு பள்ளியில் வேலை கிடைத்து, முதல் நாள் ஆசிரியர் அறையின் வாசலில் தயங்கி நின்றபோது உள்ளேயிருந்து ஒரு குரல் தமிழில் வந்தது. "இன்னா, வாசல்லயே நின்னுக்கினு கீற? உள்ள வந்து பைட்டோ." பைட்டோ என்றால் உட்கார் என்று எனக்குப் புரியவில்லை. தமிழில் தொடங்கி இந்தியில் முடிந்த அந்த வாக்கியத்தைக் கேட்டு நான் திகைத்து நின்றதைப் பார்த்து நீ மேஜையைத் தட்டிச் சிரித்தாய். உன் வயதில் தமிழ் பேசுகிறவர்கள் இங்கே அபூர்வம் என்று பிறகுதான் தெரிந்தது. உன் அப்பா தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் தமிழில் வேதாகமம் வாசிப்பார், அதனால் உனக்குத் தமிழ் நின்றது. ஆனால் வேதத்தின் தமிழ் உன் வாயில் வரவே இல்லை. கரும்புத் தோட்டக் கூலிகளாக அந்தக் காலத்தில் கப்பலேறி வந்தவர்களின் மெட்ராஸ் பேச்சுதான் வந்தது.

நான் வந்த முதல் பள்ளி விடுமுறையிலேயே நீ என்னைக் கிளப்பிவிட்டாய். "நீ எந்நேரமும் குவார்ட்டர்ஸ்லயே குந்திக்கினு இருந்தா இந்த நாடு உனக்கு எப்பிடித் தெரியும்?" பா ஆற்றை ஒட்டி மேலே போகும் லாரி ஒன்றில், மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு மலைக் கிராமத்துக்குப் போனோம். கடையில் வாங்கிய பெரிய வட்டத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தோளில் பை, கழுத்தில் காமிரா என்று நான் முழுச் சுற்றுலாப் பயணியாக இறங்கினேன். கிராமத்தின் முதல் வீட்டுக்கு வெகு முன்னாலேயே நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"தொப்பியை எடு. கண்ணாடியைக் கழட்டு. பையைத் தோள்லேர்ந்து எறக்கிக் கையில பிடிச்சிக்கோ."

"எதுக்கு?"

"உன் வூட்டுக்குள்ள ஒருத்தன் தொப்பி போட்டுக்கினு, கண்ணை மறைச்சிக்கினு, படம் புடிச்சிக்கினு பூந்தா சும்மா இருப்பியா? இது மியூசியமாடி?"

பிறகு உன் பையிலிருந்து பூப்போட்ட சூலு ஒன்றை எடுத்து என் சுடிதாருக்கு மேலேயே இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாய். செய்தித்தாளில் சுற்றிய வேர்க்கட்டு உன் கையில் இருந்தது. செவுசெவு என்று நீ சொல்லி நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். ஊருக்குள் வருகிறவர்கள் யங்கோனா வேரைப் பெரியவர் முன் பாயில் வைத்து, நாங்கள் இன்னார், இதற்காக வந்தோம், உங்கள் மண்ணில் நடக்கலாமா என்று கேட்க வேண்டும். அவர்கள் வேரைத் தொட்டு, குழித்த கைகளைத் தட்டி ஏற்றுக்கொண்டால்தான் வந்தவர்கள் விருந்தாளிகள். அதுவரை வழிப்போக்கர்கள். நீ அவர்கள் மொழியில் தணிந்த குரலில் நீளமாகப் பேசினாய். வெளியே வந்து என்ன பேசினாய் என்று கேட்டேன்.

"ஆம்பளதான் பேசணும், எங்ககிட்ட ஆம்பள இல்ல, மன்னிச்சிக்கோங்கன்னேன். அந்தப் பெரியவர் பரவால்லம்மா, எங்க வூட்லயும் பொம்பளதான் பேசறாங்கன்னாரு."

வேரை இடித்துக் கரைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் கொடுத்த யங்கோனாவைக் குடித்து என் நாக்கு மரத்துப் போனது. "நல்லதுதான். தோடா பேச்சு கொறையும்" என்றாய், கொஞ்சம் என்பதை இந்தியில் சொல்லி.

குறையவில்லை. அன்றைக்கே அந்த வீட்டுப் பெண் பின்னிக்கொண்டிருந்த பாயைப் பார்த்து, எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு என்று நான் ஆங்கிலத்தில் உருகினேன். அவள் எழுந்து உள்ளே போய், முடித்து வைத்திருந்த இன்னொரு பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து என் மடியில் வைத்துவிட்டாள். நான் பதறி வேண்டாம் என்றேன். அவள் முகம் வாடியது. நீ குறுக்கே புகுந்து என்னவோ சொல்லிச் சமாளித்து, பாயை என் கையில் திணித்து வெளியே கூட்டிவந்தாய். லாரியில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தாய்.

"ஏ இந்தியாக்காரி, இங்க ஒரு சாமானை நல்லாருக்குன்னு நீ சொன்னா அதைக் குடுக்காம அவங்களால இருக்க முடியாது. கேட்ட மாதிரிதான் அது. அந்தப் பாய் யாரு கல்யாணத்துக்கோ பின்னி வெச்சது. கண்ணால பாரு, வாயால பாக்காத."

அடுத்த விடுமுறையில் அதே வீட்டுக்கு மாவு மூட்டையும் சீட்டித் துணியும் கொண்டுபோனோம். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், சுவரில் தொங்கிய விசிறியை எடுத்து வேண்டுமென்றே முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நீயும் அவளும் சேர்ந்துகொண்டு அன்று முழுவதும் என்னை ஓட்டினீர்கள்.

அப்படி எத்தனை ஊர்கள். மழையில் ஜன்னலுக்குத் தார்ப்பாய்த் திரை இறக்கிவிட்ட பஸ்கள், கடலோரம் படகுக்காகக் காத்திருந்த மரத்தடிகள். ஒவ்வோர் ஊரின் விளிம்பிலும் நீ நிற்பாய். நானும் நிற்பேன். பையை இறக்குவோம். எனக்கு அது பழகிவிட்டது. உன்னிடம் அதைப் பார்த்துப் பார்த்து, ஊர் பார்ப்பது என்றாலே இப்படி நின்று கேட்பதுதான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

உன் பினாங்கு வீட்டுக்கு மட்டும் நாம் நிற்காமல் போனோம். அங்கே நீ நடக்கவில்லை, ஓடினாய். கரும்புக்கு நடுவே நீல ஜன்னல் வைத்த மர வீடு, பின்னால் ஓடை, முற்றத்தில் மாமரம். மாமரத்தின் கிளையில் கரும்பு ரயில் தண்டவாளத்தில் வெட்டிய ஒரு துண்டு கம்பியில் தொங்கியது. சாப்பாட்டு நேரத்தில் உன் அம்மா இரும்புப் போல்ட் ஒன்றால் அதை அடிப்பார். கரும்புக்குள்ளிருந்து உன் அப்பா வருவார், ஓடையிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். பக்கத்து மேட்டிலிருந்து மேரேயும் வருவாள், கையில் அவித்த மரவள்ளிக்கிழங்கோடு. நிலம் இந்த மண்ணின் பூர்வகுடிகளான மேரேயின் குலத்தாருடையது, உங்களுக்குக் குத்தகை. சிறு வயதில் நீயும் அவளும் ஒரே ஓடையில் இறால் பிடித்தவர்கள். அன்று நானும் அந்த மணியோசைக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். உன் அம்மா வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டு மேரே "இம்லி ஜியாதா" என்று முகத்தைச் சுளித்தாள். புளி அதிகமாம். "உனக்கு இன்னா தெரியும் தேங்காப்பாலு" என்றாய் நீ.

அதற்குப் பிறகு அந்த மே மாதம் வந்தது. இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்லிமெண்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்தவர்களைப் பற்றி ரேடியோவில் கேட்டுக்கொண்டே பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக வீட்டுக்கு அனுப்பினோம். ஊரடங்கு. கரூரிலிருந்து அப்பா தினமும் போனில், "மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துருங்க" என்றார். நீ விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பாய். பள்ளிக்கூடத்தில் படித்தபோது முந்திய கலகத்தையும் பார்த்தவள் நீ. "எனக்கு இது ரெண்டாவது படம்" என்று ஒருமுறை சொன்னாய், சிரிக்காமல்.

அந்த வருடமே உங்கள் குத்தகை முடிந்தது. புதுப்பிக்கவில்லை. மற்ற இடங்களில் நடந்ததுபோல் உங்கள் வீட்டில் யாரும் கல் எறியவில்லை, மாட்டை ஓட்டிக்கொண்டு போகவில்லை. மேரேயின் கணவர் செமி வந்து, எங்கள் பிள்ளைகளுக்கு நிலம் வேண்டும் என்று மட்டும் சொன்னாராம், தலையைக் குனிந்துகொண்டு. நிலம் அவர்களுடையதுதான் என்பதை நீ ஒருநாளும் மறுத்ததில்லை. "வூடு?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாய். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. குத்தகை இழந்த மற்றவர்கள் தங்கள் வீட்டைப் பலகை பலகையாகப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உன் அப்பா எதையும் பிரிக்க விடவில்லை, தண்டவாளத் துண்டைக்கூட; வீடு அப்படியே மேரேயின் குடும்பத்துக்குப் போயிற்று. அடுத்த வருடம் நீ கணவரையும் மகளையும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு சிட்னிக்குப் போனாய். நாந்தி விமான நிலையத்தில் அந்தப் பூப்போட்ட சூலுவை என் பைக்குள் வைத்தாய். "அங்க யாரு வூட்டுக்குப் போனாலும் போன் பண்ணிட்டுப் போகணுமாம். சூலு வேணாம்."

நீ போன பிறகு நான் தனியாக ஊர் சுற்றவில்லை. பள்ளியில் பிரிவு விருந்துகள் நடந்தபடி இருந்தன. யார் போனாலும் கேக் வெட்டித் தட்டுகளில் வைக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது, போகாமல் இருப்பவள் நான் என்பதால். "நீங்க எப்ப?" என்று கேட்பார்கள். எங்களுக்கு வேலை அனுமதி புதுப்பிக்கப்படுகிறவரை இருப்போம் என்பேன். அந்தப் பதிலைச் சொல்லியே இருபது வருடம் ஓடிவிட்டது.

நீ திரும்பி வந்தது சென்ற வருடம். நாந்தியில் இறங்கியபோது தலையில் நீலப் பட்டுத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாய். மெலிந்திருந்தாய். "சிட்னி ஃபேஷன்டி" என்றாய். நான் நம்பினேன். நம்ப வசதியாக இருந்தது. மறுநாள் பினாங்குக்குக் கிளம்பினோம். பா மார்க்கெட்டைக் கடக்கும்போது, வழக்கம்போல் நான் யங்கோனாக் கடைப் பக்கம் திரும்பினேன்.

"வேணாம்" என்றாய்.

"செவுசெவுக்கு?"

"என் வூட்டுக்கு நானே செவுசெவு குடுக்கணுமா? எங்கப்பா அறைஞ்ச ஆணி. நான் பொறந்த ரூம்பு. நான் யாரைக் கேக்கணும்?"

உன் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கென்று சிட்னியிலிருந்து கொண்டுவந்த சாக்லேட் பையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாய். நீ அந்த வீட்டுக்குள் எப்படிப் போகப்போகிறாய் என்பதைத் தவிர என் மனதில் வேறெதுவும் ஓடவில்லை. உன்னை வெளியே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன். அதைவிட, நீ உன்னையே மீறி எதையாவது செய்துவிடுவாயோ என்று அதிகமாகப் பயந்தேன்.

நீ சாலையில் நிற்கவில்லை. குரல் கொடுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியும் தலைத்துணியுமாக, பையைத் தோளில் போட்டபடி கரும்போரத்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி, வீட்டைச் சுற்றி நேரே ஓடைப் பக்கம் நடந்தாய். நான் பின்னால் ஓடிவந்தேன். நாய் குரைத்தது. கத்தியைக் கையில் பிடித்தபடி கரும்புக்குள்ளிருந்து ஒருவர் வெளியே வந்தார். நரைத்த தலை. செமி. உன்னை அடையாளம் தெரியவில்லை அவருக்கு.

"கஹாங் ஜாத்தா, பஹினி?" என்று இந்தியில் கேட்டார். எங்கே போகிறாய், சகோதரி. குரலில் கோபம் இல்லை, கேள்விதான்.

"கரே" என்றாய். வீட்டுக்கு.

சொல்லிவிட்டு நின்றுவிட்டாய். அவரும் நின்றார், அந்தக் குரலை அடையாளம் கண்டவராக. இரண்டு பேரும் ஒரே வீட்டைத் திரும்பிப் பார்த்தீர்கள். கொடியில் பள்ளிக்கூடச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஜன்னலில் நீலம் இல்லை, பச்சை. உன் கை தோளுக்குப் போய் பையை இறக்கியது. அதை நீ யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை, கை தானாகப் போனது. "தப்பா வந்துட்டேன். திரும்பி வர்றேன்" என்று அவரிடம் அவர் மொழியில் சொன்னாயாம். எனக்கு அப்போது விளங்கவில்லை. வந்த பாதையிலேயே திரும்பி சாலைக்கு நடந்தாய். "சலோ, டவுனுக்கு" என்றாய் என்னிடம்.

ராக்கிராக்கி மார்க்கெட்டில் வேரைத் தேர்ந்தெடுக்க நீ நேரம் எடுத்துக்கொண்டாய். முகர்ந்து, ஒடித்து, தடிமனான வேர்களாக வாங்கி, செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டச் சொன்னாய். டாக்ஸியில் திரும்பி வந்தோம். இந்தமுறை சாலையிலேயே நின்று குரல் கொடுத்தாய். கொடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. செமி குளித்து, சுத்தமான சட்டையும் சூலுவுமாக வாசற்படியில் காத்திருந்தார். உள்ளே பாய் விரித்திருந்தது. மேரே கதவோரம் நின்றாள், ஈரக் கையைத் துடைத்தபடி. நீ எதற்காகத் திரும்பிப் போனாய் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

படியில் ஏறும் முன் கண்ணாடியைக் கழற்றினாய். பிறகு தலைத்துணியின் முடிச்சில் கை வைத்தாய். செமி சட்டென்று கையை உயர்த்தி ஏதோ சொன்னார். வேண்டாம், இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். நீ தலையசைத்துவிட்டு முடிச்சை அவிழ்த்தாய்.

ஒரு முடிகூட இல்லை.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன்னோடு ஒரு ராத்திரி ஒரே வீட்டில் இருந்தும், பக்கத்தில் உட்கார்ந்து அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தும் தெரியாதது, அந்தப் படியில் தெரிந்தது. மேரே ஓடிவந்தாள். அவள் கை உன் தலைவரை உயர்ந்தது. இன்னொருவர் தலையைத் தொடுவது அவர்களிடம் பெரிய மரியாதைக் குறைவு. அந்தக் கை அந்தரத்தில் நின்று, கீழே இறங்கி, உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. பிடித்தபடியே உன்னை உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் உட்கார வைத்தாள்.

நீ பிறந்த அறையில், மொட்டைத் தலையோடு சம்மணமிட்டு உட்கார்ந்து, வேரைச் செமியின் முன் வைத்து, நான் இன்னாருடைய மகள், இந்த ஓடையைப் பார்க்க வந்தேன் என்று நீ கேட்டாய். அவர் வேரைத் தொட்டார். கைகளைக் குழித்துத் தட்டினார். அவர் பேசியது நீளமாக இருந்தது, நடுவில் உன் அப்பாவின் பெயர் வந்தது. வழி திறந்திருக்கிறது, இனி எப்போது வந்தாலும் கேட்க வேண்டாம் என்றாராம்.

பிறகு ஓடையில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாய். மேரே பக்கத்தில். நான் தள்ளி ஒரு கல்லில் இருந்தேன். உங்கள் இருவர் பேச்சும் எனக்குப் புரியவில்லை. திடீரென்று மேட்டின்மேல் அந்தச் சத்தம் கேட்டது. டங், டங் என்று தண்டவாளத் துண்டு. மேரேயின் மருமகள் அடித்தாள். கரும்புக்குள்ளிருந்தும் சாலையிலிருந்தும் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். "மாய் கானா!" என்று அவள் கூவினாள், வாருங்கள், சாப்பிட வாருங்கள் என்று. நீ எழுந்து மாமரத்தடிக்குப் போய் அந்த இரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். துரு ஏறவில்லை, அடிபட்ட இடம் பளபளத்தது. செமி உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ ஒரு வார்த்தை சொன்னால் கழற்றிக் கையில் கொடுத்துவிடக் காத்திருப்பதுபோல் நின்றார். நீ குனிந்து ஒரு பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, சாப்பிடப் போய்விட்டாய்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "அதை வேணும்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பாங்களே?"

"அதான் சொல்லல. நான் எடுத்துக்கினு போய் சிட்னி ஃப்ளாட்ல மாட்டி யாரைச் சாப்புடக் கூப்புடறது? இங்க அந்தப் புள்ளைங்களுக்கு அது வேணும்." கொஞ்சம் கழித்து, "நான் கரேன்னப்ப அந்த ஆளு மூஞ்சியப் பாத்தியா? யாராச்சும் அவரைக் கேட்டிருந்தா அவரும் அதேதான் சொல்லியிருப்பாரு."

"உடம்பைப் பத்தி என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொன்னா என்னை நோயாளின்னு பாப்ப. நான் டூர் வந்தவடி." துணியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். பா வரும்வரை நான் அசையவில்லை.

இந்த விடுமுறையில்தான் நான் போனேன், தனியாக. வேர் வாங்கினேன், நீ செய்ததுபோல் முகர்ந்து, ஒடித்து. சாலையில் நின்று உன் சூலுவைச் சுற்றிக் கட்டி, பையை இறக்கி, குரல் கொடுத்தேன். இனி கேட்க வேண்டாம் என்று அவர்கள் சொன்னது உன்னிடம்தான், என்னிடம் இல்லை. பாயில் வேரை வைத்து, மனப்பாடம் செய்து வைத்திருந்த வார்த்தைகளைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். ஆண் இல்லை, மன்னியுங்கள் என்பதையும் சொன்னேன். உன் பெயரைச் சொன்ன பிறகு அடுத்த வார்த்தை வரவில்லை. செமிக்கு அதற்குள் புரிந்துவிட்டது. குழித்த கைகளைத் தட்டினார், மெதுவாக.

மேரே எழுந்து உள்ளே போனாள். வரும்போது ஒரு பாயைச் சுருட்டி எடுத்துவந்து என் முன் வைத்து, என் எதிரே உட்கார்ந்து அழுதாள். நான் எதையும் அழகு என்று சொல்லவில்லை. ஒன்றையும் புகழவில்லை. சாவு விழுந்த வீட்டாரிடம் அவர்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் பாய் அது. உன் ஆள் போய்விட்டாள் என்று என்னிடம் துக்கம் கேட்டாள். அத்தனை நாளும் வராத அழுகை அப்போது எனக்கு வந்தது.

கிளம்பும்போது செமி கேட்டார், இந்தியில், நிதானமாக. இங்கே இருந்து எதையாவது அவள் விரும்பியிருந்தாளா? உனக்குத் தெரியுமா?

தெரியும். மாமரம் அவர் தோளுக்குப் பின்னால்தான் இருந்தது. ஒரு வார்த்தை போதும், இன்று அது இந்த அறையில் இருந்திருக்கும். அந்த இரும்பை என் கையால் ஒருமுறை அடித்துப் பார்த்திருக்கலாம். என் வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சாப்பிட வர யார் இருக்கிறார்கள் என்பது வேறு. கண்ணால் மட்டும் பார்த்தேன். "நஹி, பாயி. குச் நஹி" என்றேன், ஒன்றுமில்லை அண்ணா என்று. சாலைக்கு வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னால் டங், டங் என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். மேரே மாமரத்தடியில் நின்று, ஒரு கையால் என்னைப் பார்த்து வீசி வீசிக் கூப்பிட்டாள். "மாய் கானா!"

பஸ்ஸை விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். மீன் குழம்பு. புளி அதிகம்.

போன வருடம் கரூருக்குப் போயிருந்தபோது, தம்பி வீட்டு வாசலில் என்னையறியாமல் நின்று பையைத் தோளிலிருந்து இறக்கியிருக்கிறேன். தம்பி மனைவி வந்து, "என்ன அண்ணி, வேத்தாள் மாதிரி வாசல்லயே நிக்கறீங்க?" என்று சிரித்தாள். அது நான் வளர்ந்த வீடு. அவளிடம் என்ன சொல்வது? இப்போதும் எந்த வாசலிலும் என் கை முதலில் தோளுக்குத்தான் போகிறது, என் சொந்த வீட்டுக் கதவைத் திறக்கும்போதும். திறந்து, கொஞ்சம் நின்று, பிறகுதான் உள்ளே போகிறேன்.